மணி எண்ணிப் படித்த பாடம்

செவ்வாய்க்கிழமை என்றால் விருத்தாம்பாள் காலையிலேயே உப்பு அம்பாரத்தின் மேல் ஏறிவிடுவாள். அவள் வேலை பார்த்த துணை சுகாதார நிலையம் மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே பள்ளத்தில் கிடந்தது. அங்கே போனில் சிக்னல் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். சரி, வந்துவிட்டதே என்று காதில் வைப்பதற்குள் ஓடிவிடும். வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைத்திருக்கிற அம்பாரத்தின் உச்சியில்தான் அது நிலையாக நிற்கும். ஆகவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீற்று விலகின இடமாகப் பார்த்துக் கால் வைத்து ஏறுவாள்.

“நர்சம்மா, செருப்பு!” என்று காவல்காரர் தட்சணாமூர்த்தி கீழேயிருந்து குரல் கொடுப்பார். உப்பின் மேல் செருப்புக் காலோடு ஏறுவது அந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம்.

“கழட்டிட்டேன்யா. வாரா வாரம் சொல்லணுமா?”

“சொல்றது என் வேல. டாக்டரே வந்தாலும் சொல்லுவேன்.”

விருத்தாம்பாள் அந்த உப்பளத்துக் குடியிருப்புகளுக்குக் கிராம சுகாதார செவிலியர். பெயர்தான் நீளம், ஊருக்கு அவள் நர்சம்மா. பயிற்சி முடித்துவிட்டு வந்த புதிதில் அவள் பிரசவம் பார்த்துப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு இப்போது அவளே பிரசவம் பார்க்கிறாள் என்றால் எத்தனை காலம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பயிற்சிக்குப் பிறகு அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. மாதாமாதம் மீட்டிங் உண்டு. மீட்டிங்கில் எத்தனை ஊசி, எத்தனை பிரசவம் என்று கணக்குக் கேட்பார்கள். பாடம் சொல்ல மாட்டார்கள்.

கடல் பொங்கி வந்து போன மறு வருடம் சென்னையிலிருந்து ஒரு டிரஸ்டைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். அந்தக் கடலோரத்து நர்சுகள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள், தலையில் டார்ச் லைட் வைத்த சின்ன போன். வாரம் ஒரு பாடம். செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரே ஒவ்வொருத்தராகக் கூப்பிடும். டாக்டர் பிரியதர்ஷினி என்கிற அம்மாவின் குரல் பதிந்து வைத்தது பேசும். பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விடைகளைச் சொல்லும். போனில் அந்த எண்ணை அமுக்க வேண்டும். அமுக்கியதும் எது சரி, ஏன் சரி என்று குரல் விளக்கிச் சொல்லும். மார்க் டிரஸ்டுக்குப் போய்விடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் உப்பளத்தில் போனுக்கு ஏற்கெனவே வேறொரு ஏற்பாடு இருந்தது. மேஸ்திரி போனை ஒரு மணி மட்டும் அடிக்க விட்டு நிறுத்தினால் லாரி வந்துவிட்டது, ஆள் அனுப்பு என்று பொருள். இரண்டு மணி என்றால் இன்றைக்கு வேலை கிடையாது. மூன்று என்றால் மழை வருகிறது, கீற்றோடு ஓடி வா. யாரும் போனை எடுத்துப் பேசுவதில்லை. எண்ணுவதோடு சரி. அதே ஏற்பாட்டை நர்சுகளும் எடுத்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் முதலில் கூப்பிடுவது அஞ்சம்மாளை. மீனவக் குப்பத்து நர்சு; ஆறு பேரில் வயதில் சிறியவள். அவள் பாடத்தைக் கேட்டு, தனக்குத் தோன்றியதை அமுக்கி, அது சரியோ தப்போ, சரியான விடை எது என்று தெரிந்துகொள்வாள். உடனே மற்ற ஐந்து பேருக்கும் வரிசையாக மிஸ்டு கால். ஒரு மணி என்றால் விடை ஒன்று. இரண்டு மணி என்றால் இரண்டு. கம்ப்யூட்டர் மற்றவர்களைக் கூப்பிடும்போது, அவர்கள் போனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கேள்வி முடிகிற நேரம் பார்த்து எண்ணை அமுக்கிவிடுவார்கள். விருத்தாம்பாள் அம்பாரத்து உச்சியில் போனை மடியில் வைத்துக்கொண்டு தடுப்பூசி ரிஜிஸ்டர் எழுதுவாள்.

“உனக்கு மார்க்கு போவுதேடி” என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு அஞ்சம்மாள் சிரித்தாள்.

“போனாப் போவுதுக்கா. மார்க்க வெச்சி மீனா வாங்கப் போறேன்? நீங்கல்லாம் பாஸாயிடுங்க, ஃபெயிலுக்கு நான் ஒருத்தி இருக்கேன்.”

இப்படித்தான் ஓடியது, ஐப்பசி மழை வரைக்கும்.

அந்த வருடத்து மழையை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பாத்திக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். கழுவேலி ஏரி நிரம்பித் தண்ணீர் ரோட்டில் ஏறியது. குடிதண்ணீர்க் குழாயில் செம்மண் நிறத்தில் வந்தது. இரண்டே நாளில் வீட்டுக்கு ஒருத்தர் வயிற்றுப்போக்கு என்று படுத்தார்கள். விருத்தாம்பாள் முழங்கால் தண்ணீரில் நடந்து நடந்து, கையிலிருந்த உப்புக் கரைசல் பாக்கெட்டையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். புதிதாக வர வழியில்லை. ஜீப் வராது.

ஆராயி வீட்டுக்குப் போனபோது கையில் ஒன்றும் இல்லை. ஆராயி உப்பளத்தில் வாருபலகை பிடித்து உப்பு வாருகிறவள். தவழ ஆரம்பித்திருந்த பிள்ளை துணியில் துவண்டு கிடந்தது.

“பாக்கெட்டு இல்லன்னா பரவால்லடி. வூட்லியே கலக்கலாம். கொதிக்க வெச்சி ஆறின தண்ணி, ஒரு சொம்பு. ஒரு கை சர்க்கர. மூணு விரலால ஒரு சிட்டிக உப்பு. கரண்டி கரண்டியா குடுத்துக்கிட்டே இரு. தாய்ப்பால நிறுத்தாத.”

“ருசி பாத்துக்கவா நர்சம்மா?”

“பாத்துக்க.”

வெகு காலத்துக்கு முன்பு பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது, பிள்ளைக்குப் போக்கு குறைந்திருந்தது. ஆனால் அது வீல் வீல் என்று கத்தியது. எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் இன்னும் என்று கரண்டியைக் கவ்வியது. தாகம் அடங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை கால் வெட்டி இழுத்தது. விருத்தாம்பாள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆராயி பின்னால். தட்சணாமூர்த்தி ஓடிப்போய், ரோட்டுத் தண்ணீரில் ஊர்ந்து வந்த உப்பு லாரி ஒன்றை மறித்து நிறுத்தினார். அதிலேயே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிள்ளை பிழைத்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் பிழைக்குமோ பிழைக்காதோ என்று இருந்த அந்த மத்தியானத்தில் ஒரு டாக்டர் வெளியே வந்து, “ரத்தத்துல உப்பு ஏகத்துக்கு ஏறியிருக்கு. என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார்.

ஆராயி சொன்னாள். எப்படி உப்பு எடுத்தாய் என்று அவர் கேட்டபோது, விரலைக் குவித்துக் காட்டினாள். விருத்தாம்பாள் அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தாள். தினம் பார்க்கிற விரல்கள்தான். உப்புத் தண்ணீரில் ஊறி, வெடித்து, காய்த்துப் போன விரல்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன கிண்ணம். அதில் ஏறுவது பொடி உப்பு அல்ல, பாத்தியிலிருந்து வந்த கல் உப்பு.

“ருசி பாத்தேனே” என்றாள் ஆராயி. “எனக்குக் கரிக்கவே இல்ல. உப்பு பத்தலியோன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்.”

காலையிலிருந்து சாயங்காலம் வரை உதட்டிலேயே உப்பு படிந்திருக்கிற நாக்குக்கு எது கரிக்கும்?

டாக்டர் உள்ளே போன பிறகு ஆராயி திரும்பிக் கேட்டாள். “நீங்க சொன்ன மாரிதானே கலக்குனேன் நர்சம்மா?”

“நான் சொன்ன மாரிதான்டி கலக்குன. நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றாள் விருத்தாம்பாள்.

வராந்தாவுக்கு வந்து அஞ்சம்மாளுக்குப் போன் போட்டாள். மிஸ்டு கால் இல்லை. முழுசாக அடிக்க விட்டாள்.

“ஏம்மே, உப்புக் கரைசலப் பத்தி பாடத்துல எதனா வந்துச்சா?”

“வந்துச்சேக்கா. ஆடி மாசத்துல. சிட்டிக கணக்கே கூடாதுன்னாங்க, ஆளுக்கு ஆள் கை மாறும்னு. ஒரு லிட்டர் தண்ணிக்கு டீஸ்பூன்ல பாதி தூள் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கர, ரெண்டும் தல தட்டி. நான் சிட்டிகன்னுதான் அமுக்கினேன். தப்புன்னு சொல்லிச்சி, அதான் மறக்கல. உனக்கு ரெண்டு மணி அடிச்சேனே.”

அடித்தாள். விருத்தாம்பாள் இரண்டை அமுக்கியும் இருந்தாள். சரியான விடை, முழு மார்க். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள்.

மழை வெறித்து, பிள்ளை வீடு திரும்பிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது. இந்தத் தடவை பதிந்து வைத்த குரல் இல்லை. டாக்டர் பிரியதர்ஷினியே பேசினார்.

“வாழ்த்துக்கள் சிஸ்டர்! நீங்க எல்லா பாடத்துலயும் முழு மார்க். உங்க ஏரியாவுல அஞ்சு பேர் முழு மார்க். எங்க டிரஸ்ட்ல எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். பொங்கல் கழிச்சு ஒரு விழா வெச்சு உங்களுக்கு ஷீல்டு குடுக்கப் போறோம். அப்புறம் போனையெல்லாம் வாங்கி வேற ஏரியாவுக்குக் குடுத்துடுவோம். உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே.”

“போன எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க டாக்டரம்மா” என்றாள் விருத்தாம்பாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மார்க்கு என்னுது இல்ல.”

மணி எண்ணிய கதையை முழுக்கச் சொன்னாள். அஞ்சம்மாள் பெயரையோ மற்றவர்கள் பெயரையோ சொல்லவில்லை. ஆராயி பிள்ளையைப் பற்றியும் சொன்னாள்.

“சிஸ்டர், நான் கோபப்படல. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த மார்க்கக் காட்டித்தான் டிரஸ்டுல அடுத்த வருஷத்துக்குப் பணம் கேட்டிருக்கோம். இது பொய்னு தெரிஞ்சா, போன்ல பாடமே சரிப்படாதுன்னு மொத்தத்தையும் மூடிடுவாங்க.”

“மூடக்கூடாதுன்னுதான் சொல்றேன். பாடத்துல கொற இல்லம்மா. நாங்க கேக்கல, அதான் கொற. கேட்டவளுக்கு ஒரு வரி மறக்கல. எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப் பாடம்னு நீங்களே சொன்னீங்க. தெரியாதுன்னு சொன்னாத்தானே குடுப்பீங்க? மறுபடி பரீட்ச வெய்ங்க. இந்தத் தடவ வெடைய உடனே சொல்லாதீங்க, ஆறு பேரும் முடிச்சப்புறம் சொல்லுங்க. அப்ப எவ மணி அடிச்சி என்ன பண்ணுவா?”

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். “சரி. ஆனா எல்லாரும் சம்மதிக்கணும். அப்புறம் டிரஸ்டு என்ன முடிவெடுக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“சம்மதிக்க வெக்கிறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அது எவ்வளவு பெரிய வேலை என்று மாத மீட்டிங் அன்றைக்குத்தான் தெரிந்தது. மீட்டிங் முடிந்து எதிர்த்த டீக்கடையில் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ரேகா டம்ளரைப் பெஞ்சில் ணங்கென்று வைத்தாள். கீழ்புத்துப்பட்டுப் பக்கத்து நர்சு, பட்டென்று பேசுகிறவள்.

“உனக்கு இன்னாக்கா ஆச்சு? முழு மார்க்கு வாங்கி, ஷீல்டும் வாங்கப் போறவ நீ. இப்ப நல்லவளாவப் பாக்கிறியா?”

“நல்லவளாவறதுக்கு இல்லடி.”

“மேல தெரிஞ்சா மெமோ குடுப்பான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது, தெரியுமில்ல?”

“மெமோ வந்தா எனக்கு வரட்டும். எம்பேர மட்டுந்தான் சொல்லியிருக்கேன்.”

“சொல்றது நீ, ஃபெயிலாவறது நாங்களா? போக்கா. ஒரு கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லாம போச்சி, பொழச்சிக்கிச்சி. வுடு.”

விருத்தாம்பாள் வாதாடவில்லை. எழுந்து போய்க் கடைக்காரரிடம் ஒரு பழைய பேப்பரும், போண்டா மாவுக்கு வைத்திருந்த உப்பு டப்பாவும் கேட்டு வாங்கி வந்தாள்.

“நீங்கல்லாம் வூட்டுக்கு வூடு இன்னா சொல்றீங்க? ஒரு சிட்டிகன்னுதானே? எடுங்க. ஆளுக்கு ஒரு சிட்டிக. இந்தப் பேப்பர்ல வெய்ங்க.”

“வெளையாட்டா?” என்றாள் ரேகா. ஆனால் எடுத்தாள். வரிசையாக மற்றவர்களும் எடுத்து வைத்தார்கள். ஒருத்தி நகம் வளர்த்திருந்தாள். அவளுடைய குவியல் எறும்பு இழுத்துப்போகிற அளவு. ரேகாவுடையது அதைப்போல நாலு மடங்கு. அஞ்சம்மாள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, “நான் எடுக்க மாட்டேன், எனக்கு ஸ்பூனு வேணும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் கூட எட்டிப் பார்த்து, “ஏம்மா, இதுல எது சிட்டிக?” என்று கேட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

ரேகா தன் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போன வாரம் எங்க ஊர்ல ஒரு கொழந்தைக்கு…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு பேப்பரை மடித்தாள். “இந்தப் பாடம் மட்டுமா, மத்ததும் கேக்கல. ரத்தப்போக்குப் பாடம் ஓடறப்ப நான் கொழம்பு தாளிச்சிக்கிட்டு இருந்தேன். என்னிக்கிப் பரீட்ச?”

பரீட்சை மார்கழியில் நடந்தது. அன்றைக்கு யாருக்கும் யாரும் மணி அடிக்கவில்லை. விருத்தாம்பாள் அம்பாரத்து உச்சியில் ரிஜிஸ்டர் இல்லாமல் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். உப்புக் கரைசல் கேள்விக்கு மட்டும் எண்ணை அமுக்கும்போது விரல் தயங்கவில்லை. மற்றதெல்லாம் இருட்டில் நடக்கிற மாதிரி. முடிவில் பாதிக்கும் கீழே வாங்கினாள். ரேகா அதற்கும் கீழே. அஞ்சம்மாள் ஒருத்திதான் ஏறக்குறைய எல்லாம் சரி. தப்பாக அமுக்கி அமுக்கியே அத்தனையும் கேட்டுவைத்திருந்தாள் அந்தப் பெண்.

“ஃபெயிலுக்குன்னு இருந்தேன், அதையும் புடுங்கிக்கினீங்களே” என்று அவள் போனில் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு டிரஸ்டிலிருந்து பேச்சே இல்லை. ஒரு செவ்வாய் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. போனைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, பாடம் வரவும் இல்லை. “நான் சொன்னேன் இல்ல, மூடிட்டான்” என்றாள் ரேகா. விருத்தாம்பாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. இருமல் மருந்து பாட்டிலோடு வருகிற, டீஸ்பூன் அளவுள்ள பிளாஸ்டிக் கரண்டிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிச் சேர்த்து வாங்கினாள். வீடு வீடாகப் போனாள். கரண்டியில் பாதி அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாள். தூள் உப்பா என்று பார்த்தாள். “நான் முன்னாடி சொன்னத மறந்துடுங்க. கை வேணாம், நாக்கு வேணாம். கரண்டி மட்டும்” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள்.

“இத்தன வருசமா சிட்டிகன்னியே?” என்று கேட்டவர்களும் உண்டு.

“தப்பு. இப்பதான் படிச்சேன்” என்பாள்.

ஆராயி வீட்டில் அந்தக் கரண்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. நர்சம்மாவைப் பார்த்ததும், ஊசி என்று நினைத்து அழுதது.

செவ்வாய்க்கிழமை தோறும் அம்பாரத்தில் ஏறுவதையும் அவள் விடவில்லை.

“பாடந்தான் வரலியே, எதுக்கு ஏறுற?” என்று தட்சணாமூர்த்தி கேட்டார்.

“வந்தா நான் இருக்கணுமில்ல?”

பொங்கல் கழிந்து பாத்திகளில் புதுத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கியிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கீழே விட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. பழைய பழக்கத்தில் மனசு எண்ணியது: ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

டாக்டர் பிரியதர்ஷினியின் குரல். பதிந்தது. புதிதாகப் பதிந்தது.

“வணக்கம். இந்த வருடமும் இதே ஆறு சகோதரிகளுக்குப் பாடம் தொடர்கிறது. முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறோம். விடை இனிமேல் எல்லோரும் முடித்த பிறகுதான் வரும். பாடம் ஒன்று: பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு.”

“வந்துடுச்சா நர்சம்மா?” என்று கீழேயிருந்து தட்சணாமூர்த்தி கத்தினார்.

விருத்தாம்பாள் பேசாதே என்று கையைக் காட்டினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேள்வி வந்தது. யோசித்து ஓர் எண்ணை அமுக்கினாள். சரியா, தப்பா தெரியவில்லை. கடைசி ஆள் முடிக்கும் வரைக்கும் இறங்கப் போவதில்லை என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உப்பின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.